ஹவசுபாய்: பெர்மிட் வாங்கி, பத்து மைல் நடந்து, நீலத் தண்ணீருக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹவசு அருவி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனைச் சேர்ந்த ஒரு கிளைப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. ஆனால் அது தேசியப் பூங்காவின் இடம் இல்லை, ஹவசுபாய் பழங்குடியினரின் நிலம். பூங்கா தரும் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. யார் வரலாம், எத்தனை இரவு தங்கலாம், என்ன விலை என்பதெல்லாம் அவர்கள் முடிவு. காலையில் போய்க் குளித்துவிட்டு மாலையில் திரும்பும் கதையே கிடையாது. நாங்கள் போனபோது முகாமிடுவதானால் மூன்று இரவு, அதற்குக் குறைவாகத் தரவில்லை.

நாங்கள் போனது 2024 வசந்த காலத்தில். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளத்தாக்கு 2023 பிப்ரவரியில்தான் திறந்தது. திறந்ததும் பழைய முன்பதிவுக்காரர்களுக்கு முன்னுரிமை. அதனால் 2024 பிப்ரவரி 1 காலை எட்டு மணிக்குப் பொது விற்பனை தொடங்கியபோது ஒரு பெருங்கூட்டமே கணினி முன் காத்திருந்தது. அது அரிசோனா நேரப்படி எட்டு மணி என்பதைக் கவனியுங்கள். பழங்குடியினரின் முன்பதிவுத் தளத்தில் கணக்கு தொடங்குவது, கடன் அட்டை விவரம் ஏற்றுவது எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். பணம் மொத்தமும் அப்போதே கட்ட வேண்டும். அந்த வருடம் ஆளுக்கு நானூறு டாலருக்கு மேல் வந்தது, திரும்பக் கிடைக்காது. குழுத் தலைவர் என்று ஒருவர் பெயரில்தான் பதிவு. அவர் நேரில் வராவிட்டால் மொத்தக் குழுவும் உள்ளே போக முடியாது. ஆகவே மாற்றுத் தலைவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். காய்ச்சல் யாருக்கு எப்போது வரும் என்று யார் கண்டது?

அன்று எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வரிசையில் நம் முறை வருவதற்குள் தேதிகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. இதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் போக முடியாதவர்கள் விட்டுக்கொடுக்கும் இடங்கள் அதே தளத்தில் பட்டியலாக வருகின்றன. தினமும் காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நான்கு பேருக்கான இடம் வந்தது, ஏப்ரல் மாதம், வாரநாள். விடுமுறைக் கடிதத்தை அதற்கப்புறம் எழுதிக்கொண்டோம். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இந்த வழிதான் நல்லது என்பேன்.

ரூட் 66 நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இந்தியன் ரோடு 18 அறுபது மைலுக்கும் மேல் போகிறது. வழியில் பெட்ரோலும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. பாதி இரவில் மாடும் மானும் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள். சாலை முடிகிற இடம் ஹுவலப்பாய் ஹில்டாப், சுமார் 5,200 அடி உயரம். அங்கிருந்து பழங்குடியினர் வாழும் சுபாய் கிராமம் எட்டு மைல், முகாம் இன்னும் இரண்டு மைல். ஊருக்குச் சாலையே கிடையாது. தபால்கூட இன்றும் கோவேறு கழுதை மேல்தான் போகிறது. நம் சுமையையும் கழுதையில் அனுப்பலாம், ஒரு பைக்கு 32 பவுண்டுதான் கணக்கு. நாங்கள் சுமந்தே போனோம். இறங்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

முதல் ஒன்றரை மைல் வளைந்து வளைந்து ஆயிரம் அடி இறங்குகிறது. அப்புறம் காய்ந்த ஓடை வழியே நடை. இருபக்கமும் செம்பாறைச் சுவர், காலடியில் சரளைக்கல், சொட்டுத் தண்ணீர் இல்லை. கழுதைக் கூட்டம் வந்தால் சுவர்ப் பக்கமாக ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் அல்ல. கிராமம் நெருங்கும்போதுதான் சலசலப்பு கேட்கிறது, திடீரென்று மரங்கள் அடர்கின்றன. அந்தத் தண்ணீர் முழுக்க ஊருக்கு மேற்புறம் உள்ள ஊற்றுகளிலிருந்து வருவது. பீடபூமியில் விழும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு, சுமார் 21 டிகிரி செல்சியஸில் இங்கே வெளிவருகின்றன. வெந்நீர் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் கோடையோ குளிர்காலமோ, ஊற்றில் அந்தச் சூடு ஏறக்குறைய மாறுவதில்லை. ஏப்ரல் விடியலில் காற்று உறையவைக்கும்போது தண்ணீர் இதமாக இருந்தது. அதே தண்ணீர் மத்தியான வெயிலில் சில்லென்றிருந்தது.

ஊற்றுக்கண்ணைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. கேட்கவும் வேண்டாம். அதன் வேலையை முகாம் பக்கமே பார்க்கலாம். தண்ணீர் பாறையில் விழுந்து சிதறும்போது அதிலிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. அதுவரை கரைந்திருந்த சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. விழுந்து கிடக்கும் கிளை, இலை, வேர் எல்லாம் கல்லாகிக்கொண்டே இருக்கின்றன. அப்படிப் படிந்த கல் வரப்புபோல் உயர்ந்து குளம் குளமாகத் தேக்குகிறது. வெள்ளம் வந்தால் வரப்புகள் உடையும், பிறகு மறுபடி வளரும். 2008 வெள்ளத்தில் நவஹோ அருவி தடம் மாறி வறண்டே போய்விட்டது. அதற்குப் பதில் புதிய அருவிகள் பிறந்தன.

ஹவசு அருவி சுமார் நூறு அடி. அதை நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். அடுத்த மூனி அருவிதான் சோதனை, சுமார் 200 அடி. சுரங்கக்காரர்கள் குடைந்த பொந்துக்குள் புகுந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்த மர ஏணிகளில் பின்புறமாக இறங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஏறுபவரும் இறங்குபவரும் ஒதுங்க இடம் இல்லை, ஆகவே மேலிருந்து குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இறங்கினோம். பிடி உள்ள கையுறை கொண்டு போங்கள். எங்களில் ஒருவர் பாதியில் நின்று, 'நான் மேலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்' என்று திரும்பிவிட்டார். நியாயமான முடிவு.

அந்த முகாம் முன்பு தேசியப் பூங்காவின் கையில் இருந்தது. கோடையில் பள்ளத்தாக்கில் விவசாயம், குளிர்காலத்தில் மேலே பீடபூமியில் வேட்டை என்று வாழ்ந்த ஹவசுபாய் மக்களை 1882-இல் 518 ஏக்கருக்குள் அடைத்தது அரசு. 1975 ஜனவரியில் ஒரு சட்டத்தின் மூலம் 1,85,000 ஏக்கர் அவர்களிடம் திரும்பியது. இந்த வரலாறு தெரிந்த பிறகு மூன்று இரவு விதியைப் பற்றி முனக எனக்கு மனம் வரவில்லை. முன்பு முனகியவன்தான். மது கூடாது, ட்ரோன் கூடாது, பாறையிலிருந்து குதிக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, ஊர்மக்களைப் படமெடுக்கக் கூடாது. இவையும் அப்படித்தான், விருந்தாளிக்கு வீட்டுக்காரர் சொல்வது.

அவர்களுக்கு இப்போது பெரிய கவலை வேறு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு அருகே பின்யான் ப்ளெய்ன் சுரங்கத்தில் யுரேனியம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஊற்றுக்கு நீர் தரும் நிலத்தடி அடுக்கு மாசுபடும் என்று பழங்குடியினர் பல வருடங்களாக எதிர்த்து வருகிறார்கள். குடியிருப்புக்கு வேறு தண்ணீர் இல்லை என்பதை எட்டு மைல் காய்ந்த ஓடையில் நடந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முகாமில் ஃபெர்ன் ஊற்று என்று ஒன்று உண்டு, குடிக்க அதுதான். வடிகட்டியே குடித்தோம். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, ஜூனில் பலருக்கு அங்கே வயிற்றுக் கோளாறு வந்தது, ஆகஸ்டில் வெள்ளம் ஓர் உயிரையும் கொண்டுபோனது. ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. திரும்பும் நாளில் முதல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். கடைசி ஒன்றரை மைல் ஏற்றம் வெயிலில் கொல்லும். இன்னொரு முறை போனால் என் சுமையைக் கழுதைதான் சுமக்கும்.