மேடம், ஹான்ஸ், அப்புறம் இரண்டு பூனைகள்

ஜூன் 4
எங்களுக்கு உளவியல் சொல்லிக்கொடுத்த மேடம் இன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார். அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். சொன்ன கையோடு, "ஹான்ஸை நீங்க வெச்சுக்கறீங்களா அக்கா? பூனைங்க ரெண்டையும் நான் பாத்துக்கறேன்" என்றாள். அழுகை வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6
ஹான்ஸ் வந்து சேர்ந்தான். கிழட்டு நாய். காது பாதி மந்தம்.

அந்தப் பெயர் ஒரு குதிரையுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ், கேட்ட கணக்குக்கெல்லாம் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே துளி அசையும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மேடம் குதிரையின் கட்சி. "அது யாரையும் ஏமாத்தலையே. நம்ம தலை அசையறது நமக்கே தெரியல, அதுக்குத் தெரிஞ்சுது. இதுல யாரு முட்டாள்?" என்பார். அப்படிப்பட்ட குதிரையின் பெயரை, கூப்பிட்டால் எதிர்த்திசையில் நடக்கிற நாய்க்கு வைத்தார். குசும்புதான், வேறென்ன.

ஜூன் 9
மேடத்தின் ஆலோசனை அறையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பேசுகிற அறையில் ஹான்ஸும் இருப்பான். வருகிறவர் வேண்டாம் என்றால் இருக்க மாட்டான். தோட்டத்துப் பக்கக் கதவு மட்டும் எப்போதும் ஒருக்களித்தே இருக்கும், அவன் போக நினைத்தால் போவதற்கு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

நாயை வைத்துச் சிகிச்சை செய்வது பற்றி யார் பேசினாலும் போரிஸ் லெவின்சனில்தான் தொடங்குவார்கள். அமெரிக்கக் குழந்தை உளவியலாளர். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட, அறையில் இருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்க, பையன் அதைக் கட்டிக்கொண்டான். 1961இல் இதை அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள். மறு ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார்.

மேடத்திடம் இருந்த கதை இதற்கு நேர் எதிர். ஆள் யார் என்று சொல்லாமல் எங்களுக்குச் சொல்வார். வாயே திறக்காமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு பையன். ஒரு நாள் ஹான்ஸ் பாதியில் எழுந்து, சோம்பல் முறித்து, கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். பையன் கதவையே பார்த்தான்.

"ஏன் போறான்?"

"போகணும்னு தோணியிருக்கும்."

"திட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு?"

அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை. அடுத்த முறை வந்தவன் தன் வீட்டில் யார் யார் திட்டுவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். கதவு சாத்தியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது மேடத்தின் கட்சி. நாயைச் சோபாவில் பிடித்து உட்காரவைத்து எல்லாரையும் தடவச் சொல்கிற இடங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எனக்கும்தான்.

ஜூன் 10
ஹான்ஸ் இரவு சாப்பிடவில்லை. காலையில் சாப்பிட்டான்.

ஜூன் 13
நினைவுக் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் "விலங்குகள் மேல் உயிரையே வைத்திருந்தார்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிரியத்தால் எங்கள் துறையோடு அவருக்கு இருந்த சண்டையை ஒருவரும் எடுக்கவில்லை. 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் வெளியிட்ட ஆய்வு எல்லா மாணவர்களுக்கும் பாடம்: தப்பிக்க வழியில்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு வழி இருந்தும் தப்பிக்கப் பார்க்கவில்லை. மனச்சோர்வைப் புரிந்துகொள்ள அது உதவியது என்பதை மேடம் மறுத்ததில்லை. ஆனால் நாய்களுக்கு என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் விட்டதில்லை. நாய்களை வைத்து ஆய்வு செய்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் 1935இல் அந்த நாய்களுக்காகச் சிலை வைத்ததைச் சொன்னால், "சிலை வெச்சா ஆச்சா?" என்று கேட்பார்.

கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். பூனை செத்ததற்கு அழுவதை வீட்டில் கேலி செய்ததால் மேடத்திடம் போனாராம். "பூனைதானேன்னு அவங்க சொல்லல. பூனையைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. ஒரு மணி நேரம் சொன்னேன்." துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் எழுதிய, ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்பது இதுதான். பெரியவருக்கு அந்தப் பெயரெல்லாம் தேவைப்படவில்லை.

ஜூன் 16
ஹான்ஸ் வாசலிலேயே கிடக்கிறான். வருகிறவர்கள் எல்லாம் "அம்மாவைத் தேடுது, பாவம்" என்கிறார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் மேடம் விட மாட்டார். தப்பு செய்த நாய் முழிக்கிற முழி என்கிறோமே, நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் அதைச் சோதித்தார். தப்பு செய்ததோ இல்லையோ, திட்டினால் அந்த முழி வந்தது. நாயின் முகத்தில் நம் கதையைப் படிக்காதே, முதலில் பார்த்ததை எழுது என்பார் மேடம்.

எழுதினேன். வாசலில் படுக்கிறான். ஸ்கூட்டர் சத்தத்துக்குத் தலை தூக்குகிறான். மேடத்திடம் ஸ்கூட்டர் கிடையாது. வாசல் தரை மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சி. மத்தியானம் வெயில் வந்ததும் கட்டிலடிக்குப் போய்விடுகிறான்.

தேடவில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஜூன் 19
மேடத்தின் படத்துக்குக் கீழே போட மகள் ஒரு வரி கேட்டிருந்தாள். அவளே எழுதிவைத்திருந்தது: "வாயில்லா ஜீவன்களின் தாய்." நான் மாற்றி அனுப்பினேன்: "மருத்துவ உளவியலாளர். நாய்களோடும் பூனைகளோடும் வாழ்ந்தவர்."

"ரொம்ப மொட்டையா இருக்கே அக்கா" என்றாள்.

"தாய்னு போட்டா அவங்களுக்குப் பிடிக்காதுடி."

"வாயில்லாங்கறதும் பிடிக்காது. காலையில நாலு மணிக்கே பூனை ரெண்டும் கத்தி எழுப்பிடுது." சிரித்துவிட்டு, "நீங்க எழுதினதையும் அம்மா சிவப்பு மையால அடிச்சிருப்பாங்க. இருங்க, இன்னொண்ணு எழுதி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.