வடக்குச் சுவரில் ஓடும் கேபிள்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேமரா, வைஃபை பொருத்தும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வடக்குச் சுவர் எது?” என்றுதான். நாகர்கோவிலில் இந்தக் கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே சாய்ந்துதான் உச்சிக்கு வருகிறது. வடக்குப் பார்த்த சுவர் காய்ந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அதில் ஓடும் கேபிளில் மார்க்கரால் எழுதிய எழுத்து நிலைக்காது. சிவப்பு மை சீக்கிரமே வெளுத்துவிடும்.

சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் தைப்பூசக் காவடிக்கு முன் கேமராக்களைச் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். முன்பு யாரோ கேபிள்களில் வெள்ளை நைலான் டையால், அதாவது கேபிள் கட்டும் பட்டையால், அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தார்கள். விரல் பட்டதும் டை முறுக்குப் போல நொறுங்கியது. சீட்டில் எழுத்தே இல்லை. கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் கருவியில் நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க, திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, கொடிமரம் போய்விட்டது!” என்று குரல் கொடுப்பார். அப்படித்தான் அடையாளம் கண்டோம். திருவிழா நெருங்கும்போது யாருக்கும் இந்த நிலை வரக்கூடாது.

வெளியில் போடும் கறுப்பு கேபிளின் உறை வெயிலைத் தாங்குவது அதில் கலந்திருக்கும் கார்பன் கரியால். சீட்டுக்கும் டைக்கும் அந்தக் காப்பு வேண்டும். டை வாங்கினால் கறுப்பில், புற ஊதாக் கதிர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பாலிஎத்திலீன் உறையில் பசை சரியாகப் பிடிக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சீட்டின் ஒரு முனை மறுமுனையின்மேல் ஏறி ஒட்டும்படி கேபிளைச் சுற்றி ஒட்டுங்கள். எழுத்தின்மேல் பிளாஸ்டிக் படலம் மூடிய லேமினேட் டேப்பைப் பெட்டிக்குள் ஒட்டினால் வெகுகாலம் இருக்கும். பெட்டிக்கு வெளியே எனக்கு மையிலும் பசையிலும் நம்பிக்கை இல்லை.

வெளியே நான் கட்டுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. நுனியில் எண் செதுக்கிய எஃகு அச்சை (நம்பர் பஞ்ச்) அதன்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே அடி. எண் குழிவாக இறங்கிவிடும். வெளுக்க அதில் மையே கிடையாது, அழுக்குப் படிந்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம். கட்டும் கம்பியும் எஃகாகவே இருக்கட்டும். அலுமினியத் தகட்டைச் செம்புக் கம்பியால் கட்டினால், இந்தக் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

தகட்டைத் தொங்கவிடாதீர்கள். இங்குள்ள வெர்வெட் குரங்குகள் ஆடுகிற எதையும் இழுத்துப் பார்க்கும். கேபிளோடு படுக்கவைத்து இரண்டு முனையிலும் கட்டுங்கள். உறை நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

தகட்டில் ‘வாசல்’, ‘மடைப்பள்ளி’ என்று எழுதச் சொல்லிக் கேட்பார்கள். நான் எண் மட்டும்தான் அடிப்பேன். இன்றைய சாமான் அறை நாளை அலுவலகமாகும். என்னோடு வேலை செய்பவர் ஜூலு பேசுகிறவர், கோயில் குழுவில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. 14 என்றால் எல்லோருக்கும் 14தான். கேபிளின் இரு முனையிலும், அது சுவருக்குள் நுழையும் இடத்திலும் அதே எண் இருக்க வேண்டும். எந்த எண் எங்கே போகிறது என்ற பட்டியலைப் பென்சிலால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்விட்ச் பெட்டிக் கதவின் உட்புறம் மாட்டிவிடுகிறேன். இடம் மாறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம். பென்சிலையும் அங்கேயே நூலில் கட்டி வைத்துவிடுங்கள்.