விளக்கு, வேகம், சுவர்: பினாங்குக் கடலோர வேலையில் கற்றவை

பினாங்கின் கடலோரக் கொண்டோமினியக் கூட்டங்களில், கரையில் முட்டையிட வரும் கடலாமைகளைக் காப்பது பற்றிப் பேச்சை எடுத்தால், "காசு போட்டு வாங்கின இடம் சார்" என்ற பதில்தான் முதலில் வரும். பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடுகிறவர்களிடம் போனால், "கடல் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா அண்ணே?" என்பார்கள். இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. மலேசியாவின் தேசிய நிலச்சட்டப்படி, கடல் ஏறி மனையின் ஒரு பகுதியை விழுங்கினால் அந்தப் பகுதி மாநில அரசின் நிலமாகிவிடும். கடல் பின்வாங்கினால் வெளிப்படும் மணலும் மாநிலத்துடையதே. நட்டம் மட்டும் மனைக்காரருக்கு. கரையோரத்தில் சுவர் எழுப்பத் துடிப்பவர்களின் பயம் இங்கேதான் தொடங்குகிறது.

உயிரினங்கள் பக்கமும் அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. அரசியலமைப்பில் ஆமை மாநிலப் பட்டியலில் வருகிறது, கடல் மீன்பிடி மத்திய அரசிடம். டால்பினுக்கு 1999ஆம் ஆண்டின் மீன்வள ஒழுங்குமுறை, நீர்நாய்க்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், படகுக்குக் கடல்துறை. ஒரே இடத்தில் நடந்ததைச் சொல்ல மூன்று கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதனால் கடலோர உயிரினங்களைக் காக்கும் எங்கள் வேலையில் முதலில் தேடுவது, யாருடைய அனுமதியும் இல்லாமல் உரிமையாளரே நாளைக்குச் செய்யக்கூடியது எது என்பதைத்தான்.

அதில் முதலாவது விளக்கு. ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சுட் கடற்கரை தேசியப் பூங்காவுக்குள், சாலை போகாத இருட்டில் இருக்கிறது. ஓட்டல் வரிசைக்கு முன்னால் நிலைமை வேறு. கரையேற வரும் பெண் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடும். மணலைக் கிளறி வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமுள்ள அடிவானத்தைக் கடல் என்று எண்ணி நகரும். அது நீச்சல் குளத்தின் பக்கமாக இருந்தால் விடிவதற்குள் நண்டுக்கோ நாய்க்கோ இரையாகும்.

அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஓதம் ஏறி நிற்கும் கோட்டில் நின்று கட்டடத்தைத் திரும்பிப் பாருங்கள். பல்பே நேராகக் கண்ணில் படுகிற விளக்குகளை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்ப வேண்டும், கம்பத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும், பல்பை ஆம்பர் நிறத்துக்கு, அதாவது 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்துக்கு மாற்ற வேண்டும். இங்கே வழக்கமாகக் கோட்டை விடுவது கடையில் 'வார்ம் வைட்' கேட்டு வாங்குவதில். மனிதக் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தாலும் அந்த எல்இடியில் நீல ஒளி இருக்கிறது, ஆமைக்கு அது போதும். வெள்ளை விளக்கின் மேல் ஒட்டும் மஞ்சள் தாளும் வெயிலில் வெளுத்துவிடும். அசைவைக் கண்டு எரியும் சென்சாரைக் கடல் பக்கம் வைத்தால் தென்னை மட்டை ஆடும்போதெல்லாம் எரியும்.

காவலாளிகள் இருட்டுக்குப் பயப்படுவது இயல்பு. அவர்களை ஒருமுறை ஃபிளட்லைட்டுக்கு அடியிலும், பிறகு தாழ்ந்த ஆம்பர் விளக்கின் அருகிலும் நிறுத்திப் பார்க்கச் சொல்வோம். கண் கூசாத இடத்திலிருந்துதான் மணலில் நடமாடும் ஆள் தெரிகிறான். அதன்பிறகு வாதம் தேவைப்படுவதில்லை. சாய்வு நாற்காலிகளை மாலையிலேயே உள்ளே இழுக்க வேண்டும். ஜெட் ஸ்கீயை இழுத்துவரும் டிராக்டரின் சக்கரத்தடத்தையும் பலகையால் மட்டப்படுத்த வேண்டும். சுமார் ஐந்து சென்டிமீட்டரே உள்ள குஞ்சுக்கு அந்தப் பள்ளம் ஏற முடியாத கால்வாய்.

படகில் எல்லாம் வேகம்தான். "ஆமை தானா விலகிடும்" என்பது பரவலான நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் பச்சை ஆமைகளை வைத்துச் செய்த ஆய்வில், படகு மணிக்கு 4 கிலோமீட்டரில் வந்தபோது நூற்றுக்கு அறுபது விலகின, 19 கிலோமீட்டரில் வெறும் நான்கு. கரையோரத்தில் ஓடும் எந்தப் படகுக்கும் 19 கிலோமீட்டர் பெரிய வேகமே இல்லை.

ஆனால் படகுக்காரரிடம் "கொஞ்சம் மெதுவா போங்க தம்பி" என்று சொல்வது ஆபத்தான அறிவுரை. அரைகுறையாகக் குறைத்தால் படகு நீர்மேல் எழும்பியும் ஓடாது, படிந்தும் போகாது. மூக்கு தூக்கிக்கொள்ளும், ஓட்டுநருக்கு முன்னால் உள்ள நீர் மறையும், பின்னால் கிளம்பும் அலையோ முன்னைவிடப் பெரிதாகிக் கரையை அரிக்கும். அதனால் நாங்கள் எண்ணைச் சொல்வதில்லை. பின்னால் வெள்ளை நுரை வரக்கூடாது, மூக்கு சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேகமானி இல்லாத படகிலும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், பாலத்தை ஒட்டிய மிடில் பேங்க் கடற்புல் திட்டில் கவலை வேறு. நீர் வற்றும் நேரத்தில் புரொப்பெல்லர் புல்லின் வேர்த்தண்டை அறுத்துக் கோடு போட்டுவிடும். பின்னால் பழுப்பு நிறக் கலங்கல் கிளம்பினால் தரை தட்டுகிறது என்று பொருள். பலரும் அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டித் தப்பப் பார்ப்பார்கள். அதுதான் புல்லையும் எஞ்சினையும் ஒன்றாகக் கெடுக்கும். எஞ்சினை நிறுத்தி, தூக்கிவிட்டு, கழியால் ஊன்றி வெளியேற வேண்டும். நிரந்தரமாகக் கட்டும் படகுக்குச் சங்கிலியின் நடுவில் ஒரு மிதவை கட்டினால் சங்கிலி தரையில் உராய்ந்து வட்டமாகப் புல்லை வழிக்காது.

சுவர் விஷயம்தான் கடினம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி மணற்கரையில் 60 மீட்டர் ஒதுக்கம், அதாவது கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் காலி இடம், கேட்கிறது. அந்த ஒதுக்கமில்லாமல் நிற்கும் கட்டடங்களும் உண்டு. செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிவந்து அடிமணலைத் தோண்டும், சுவர் முடியும் முனையில் அடுத்த வீட்டின் மணலை அரிக்கும். பிறகு அவரும் சுவர் கட்டுவார். ஆமை ஏற மணலே மிஞ்சாது.

சுவருக்கு விலைப்பட்டியல் கேட்கும் முன் பலத்த மழை நாளில் போய்த் தோட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். கடல் தின்றதாகச் சொல்லும் இடத்தில் மொட்டைமாடி நீரும் வாகன நிறுத்த நீரும் ஒரே குழாயில் பீறிட்டு மணலை அறுத்துக்கொண்டிருப்பது பல இடங்களில் தெரியவரும். அந்தக் குழாய்வாயை நகர்த்தி, அடியில் கல் பரப்பி நீரின் வேகத்தைக் குறைக்க ஆகும் செலவு சுவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.