டாலோஸின் ஆணி எந்தக் காலில்?

கிரேக்கப் புராணத்தை வைத்துப் புதிதாக ஒரு சித்திரக் கதை செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு புதுக் கடவுளைப் படைத்துவிடுகிறார்கள். ஜீயஸுக்கே தெரியாத ஒரு மகள், இடிக்கும் மின்னலுக்கும் நடுவே பிறந்த ஒரு பையன். பத்தாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கதைக்கு மூச்சு வாங்கிவிடும். அந்தப் பாத்திரத்துக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, பழைய பகை இல்லை. எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லியே தீர வேண்டியிருக்கும். அதைவிட, பழைய கதை வாய் திறக்காத இடம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது மேல். அந்தக் காலத்து ஓவியர்களே இதைச் செய்திருக்கிறார்கள். கி.மு. 480-470 வாக்கில் டூரிஸ் தீட்டிய மதுக் கிண்ணம் ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. அதில் ஆர்கோ கப்பலின் தலைவன் ஜேசன் பெரும்பாம்பின் வாயிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறான். எதிரே அதீனா தேவி நின்று பார்க்கிறாள். இன்று கைக்குக் கிடைக்கும் எந்தப் பழைய நூலிலும் இந்தக் காட்சி கிடையாது.

டாலோஸ் இதற்கு நல்ல உதாரணம். கிரீட் தீவைச் சுற்றிக் காவல் காக்கும் வெண்கல மனிதன். அந்நியக் கப்பல் வந்தால் பாறையைப் பெயர்த்து எறிவான். ஜீயஸ் அவனைத் தன் காதலி யூரோப்பாவுக்குக் கொடுத்ததாகக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அப்பல்லோனியஸ் பாடுகிறார். கொல்லர் கடவுள் ஹிஃபீஸ்டஸ் அவனைக் கிரீட் அரசன் மினோஸுக்குக் கொடுத்தார் என்று சிலர் சொல்வதாக அப்பல்லோடோரஸின் பெயரில் உள்ள தொகுப்பு எழுதுகிறது. அவன் ஒரு காளை என்பாரும் உண்டு என்று போகிறபோக்கில் சேர்க்கிறது. சாவிலும் ஒற்றுமை இல்லை. ஒரு கதையில் ஜேசனோடு ஆர்கோ கப்பலில் வந்த மந்திரக்காரி மெடியா கப்பலில் நின்றபடியே அவன் கண்ணை மயக்க, கூரிய பாறையில் கணுக்கால் உரசி உயிர் கசிந்து போகிறது. இன்னொன்றில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஓடும் ஒரே நரம்பை அடைத்திருக்கும் வெண்கல ஆணியை அவள் பிடுங்கிவிடுகிறாள். மூன்றாவதில் அதே கப்பலில் வந்த போயஸ் விட்ட அம்பு.

இந்த மூன்று சாவுகளில் எதையும் கலக்கக் கூடாது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மூடி வைத்துவிட வேண்டும். படக்கதைக்கு ஆணிதான் சரி: சின்னப் பொருள், கண்ணுக்குத் தெரியும், குழந்தை விரலால் தொட்டுக் காட்டும். மந்திரப் பார்வையைப் படத்தில் காட்டப் போனால் கண்ணிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்ச வேண்டிவரும், அது வேறு ரகப் புத்தகம்.

எல்லா நூல்களும் மௌனமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. தினமும் மூன்று முறை வீட்டைக் கடந்துபோகும் அந்த வெண்கல மனிதனைப் பற்றிக் கிரீட்டில் குடியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? தென்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுமி. அவன் காலடி அதிர்வை வைத்தே அவள் பால் கறக்கும் நேரத்தைக் கணக்கிடுகிறாள். ஒருநாள் மூன்றாவது அதிர்வு வரவில்லை. இவ்வளவு போதும். மெடியாவையும் ஜேசனையும் தூரத்துப் பாய்மரமாக மட்டும் காட்டலாம். (கரையோரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். மூன்று சுற்று என்றால் இரவும் பகலும் நிற்காமல் போனாலும் மணிக்கு 125 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் ரயில் வேகம். இதை எந்தக் குழந்தையாவது கேட்கும். கதை அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படத்தில் அவன் உலாத்துகிற மாதிரி நடக்கக் கூடாது.)

அடுத்தது காலம். வெண்கல யுகக் கிரீட்டா, ஏதென்ஸின் பொற்காலமா? இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வெண்கல யுகம் என்றால் நாணயம் கிடையாது, வெண்பளிங்குக் கோயில் கிடையாது. கீழ்நோக்கிச் சிறுக்கும் சிவப்புத் தூண்களை நாசோஸ் அரண்மனையிலிருந்து எடுக்கலாம். ஆனால் இன்று அங்கே நிற்பவற்றில் பல, தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 20-ம் நூற்றாண்டில் காங்கிரீட்டில் எழுப்பியவை. அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, இன்றைய கிரீட்டின் சுற்றுலாப் படங்களைப் பார்த்து வரைவது. அந்தப் படங்களில் தெரியும் சப்பாத்திக் கள்ளியும் கற்றாழை மாதிரியான அகேவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆலிவ், அத்தி, திராட்சை, தைம் புதர், வளைந்த கொம்புள்ள காட்டாடு இவை போதும். தக்காளி கூடவே கூடாது.

பாத்திரத்தின் தோற்றத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கும் பாத்திரத் தாளில் டாலோஸை முன், பக்கம், முக்கால், பின் என நான்கு கோணத்திலும் வரைந்து, ஆணி வலது கணுக்காலில் என்று எழுதியே வைக்க வேண்டும். பாதி வேலையில் யாராவது ஒரு படத்தை இடவலம் புரட்டுவார்கள். கப்பல் திசை மாறி நன்றாக இருக்கும், ஆணி இடது காலுக்குப் போயிருக்கும். அதோடு சேர்ந்த சிக்கல் இன்னொன்று. தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கிற மொழி, அவனும் வலப்பக்கமாகத்தான் நடப்பான். அப்போது நமக்குத் தெரிவது அவனுடைய வலப்பக்கம். நாம் கரையிலிருந்து பார்த்தால் கடல் அவனுக்கு இடப்புறம், அதாவது தீவைக் கடிகாரச் சுற்றாகச் சுற்றுகிறான். கப்பலிலிருந்து பார்க்கும் பக்கத்திலும் அவனை வலப்பக்கமாகவே நடக்கவிட்டால் சுற்று நேரெதிராகிவிடும். சிறுமியின் கதை என்பதால் எல்லாப் படங்களையும் கரையிலிருந்து பார்த்தே போடுவது நல்லது. ஆணியும் வாசகர் பக்கமே இருக்கும்.

உயரத்துக்கும் ஒரு அளவுகோல் தேவை. இத்தாலியின் ரூவோ ஊர் யாட்டா அருங்காட்சியகத்தில் கி.மு. 400 வாக்கிலான ஏதென்ஸ் ஜாடியில் டாலோஸ் ராட்சதனாக இல்லை, ஏறக்குறைய மற்றவர்கள் அளவுதான். அவனைப் பிரித்துக் காட்டுவது நிறம்: மற்ற உடல்கள் சுட்ட மண் சிவப்பில் இருக்க, அவன் மட்டும் வெளிறிய வெள்ளை. நம் கதைக்கு அவன் பெரியவனாக இருக்க வேண்டும், சரி. ஆனால் அந்த நிறத் தந்திரம் விடக்கூடாதது.

புத்தகம் 32 பக்கம், அதாவது பதினாறு பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போக, 4-5-லிருந்து 30-31 வரை பதினான்கு இரட்டைப் பக்கங்கள், கடைசியில் ஒற்றையாக 32. முதல் நான்கு இரட்டைப் பக்கங்களில் அவனை முழுதாகக் காட்ட வேண்டாம்: நிழல், பாதம், கலயத்தில் நடுங்கும் பால். சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் 16-17 மட்டுமே ஒரே தாளில் அச்சாகிறது. மற்ற இரட்டைப் பக்கங்களின் இரு பாதிகளும் வெவ்வேறு தாளில் வருவதால் ஓரிரு மில்லிமீட்டர் விலகும், நிறமும் லேசாக மாறும். ஆகவே தலை இடப்பக்கத்திலும் கால் வலப்பக்கத்திலுமாக அவன் சாய்ந்து கிடக்கும் பெரிய படம் 16-17-ல் வருமாறு கதையை நகர்த்த வேண்டும். இந்தக் கதையில் அதுவே ஒழுங்காகவும் அமைகிறது: அவன் நடுப்பக்கத்தில் விழுகிறான், மீதிப் பாதி முழுக்கச் சிறுமி அவனைத் தேடிப் போகிறாள். முகமோ ஆணியோ மடிப்பிலிருந்து 12 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது. வெளி ஓரங்களில் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தை நீட்டி வைக்கும் பகுதி.

ஒரு இரட்டைப் பக்கத்துக்கு நாற்பது, ஐம்பது சொல் போதும். பென்சில் ரஃப் போடும்போதே உண்மையான வாசகத்தை 18 புள்ளி அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். குத்துமதிப்பாக ஒரு கட்டம் போட்டு இடம் விட்டால் தமிழ் அதில் அடங்காது. மேலே ஏறும் இகர வளைவுக்கும் கீழே இறங்கும் உகரத்துக்கும் சேர்த்து வரி இடைவெளி 28 புள்ளியாவது வேண்டும். இரு ஓரமும் சமன்செய்தால் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், இடது ஓரம் மட்டும் ஒட்டட்டும். எழுத்து தனிக் கறுப்பில் இருக்கட்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பில் தாள் சற்று நகர்ந்தாலே எழுத்தைச் சுற்றி நிறக்கோடு தெரியும். இரவுக் காட்சியில் வெள்ளை எழுத்து போட ஆசை வரும். ஆனால் மெல்லிய சுழிகளெல்லாம் சுற்றியுள்ள மையில் அடைபடும்.

வெண்கலம் திரையில் மின்னும், தாளில் சேறாகும். காரணம், பலர் அதைப் பழுப்பு நிறம் என்று நினைத்து உடல் முழுக்கப் பழுப்பின் நடுத்தரச் சாயல்களாகவே தடவுகிறார்கள். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அந்தச் சாயல்கள்தான் மை பரவி இருண்டுபோகும். உலோகம் என்று கண் நம்புவது நிறத்தால் அல்ல, பக்கத்துப் பக்கத்தில் வரும் கடும் இருட்டாலும் கூரிய வெளிச்சத்தாலும். தோள் மேல்பரப்பில் வானத்தின் நீலம், தாடைக்கு அடியில் மண்ணின் சிவப்பு, நடுத்தரச் சாயல் மிகக் குறைவு. கறுப்புக்குப் பக்கத்தில் நான்கு மைகளின் கூட்டு 300 சதவீதத்தைத் தாண்டினால் காய்வதற்குள் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். நரம்பிலிருந்து வழிவதைப் பலரும் தங்க நிறத்தில் வரைகிறார்கள். அப்பல்லோனியஸ் சொல்வது உருகிய ஈயம். சாம்பல் நிறம் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவோ பொருந்தும், மஞ்சளாக்கினால் புதையல் கதையாகிவிடும். ஈயத்தின் வெளிறிய சாம்பல், பளபளப்பான ஆர்ட் பேப்பரில் எடுக்கும் மாதிரி அச்சில் (புரூஃப்) ஒரு மாதிரியும் மேப்லித்தோவில் வேறு மாதிரியும் வரும். அதனால் 16-17-ஐ மட்டுமாவது அச்சாகப்போகும் அதே தாளில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றப் பக்கங்களுக்கு நிறம் முடிவு செய்ய வேண்டும்.