பூட்டான் பயணம்: முதலில் இரவுகளை எண்ணுங்கள்

பூட்டானுக்குத் திட்டம் போடும் பலரும் எந்த ஊர்களைப் பார்ப்பது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை இரவு தங்குவது என்று ஆரம்பித்தால் வேலை பாதியாகும். அங்கே எஸ்.டி.எஃப். (நிலையான வளர்ச்சிக் கட்டணம்) என்ற சுற்றுலாக் கட்டணத்தை இரவுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்கும் கீழே இலவசம். கணவன், மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் இரவுக்கு 3,000. ஐந்து இரவுக்கு 15,000. ஓட்டல், வண்டி, சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்.

விசா வேண்டாம், பெர்மிட் வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் (இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்) அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை ஏற்க மாட்டார்கள்; எல்லை வரை போய்ச் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழின் அசலைக் கையில் வைத்திருங்கள். நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்தாகவும் விமான டிக்கெட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே டிக்கெட், பெர்மிட், ஓட்டல் மூன்றிலும் பெயர் இருக்கட்டும். பெர்மிட்டுக்கு ஓட்டல் பதிவைக் கேட்பார்கள் என்பதால் அதை முதலில் முடியுங்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு கிளம்புவதே நிம்மதி.

சென்னையிலிருந்து பூட்டானின் விமான நிலையம் உள்ள பாரோவுக்கு நேர் விமானம் கிடையாது. டெல்லி அல்லது கொல்கத்தா போய் மாறலாம். டெல்லியிலிருந்து போனால் இடப்பக்க ஜன்னல் சீட்டை விடாதீர்கள். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட் தெரியும். செலவு குறைந்த வழி, மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா வரை பறந்து அங்கிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரத்தில் நம் எல்லை ஊரான ஜெய்காவ். ரயிலில் போகிறவர்களுக்கு ஹாசிமாரா ஸ்டேஷன் பக்கம். ஜெய்காவை ஒட்டியே பூட்டானின் எல்லை ஊர் ஃபூன்ட்ஷோலிங். நடந்தே எல்லையைக் கடக்கலாம். பூட்டான் நேரம் நம்மைவிட அரை மணி முன்னால், அங்கே 9 மணி என்றால் நம் கடிகாரத்தில் 8:30. ஊருக்கு மேலே ரின்சென்டிங் சோதனைச் சாவடியில் பெர்மிட்டைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அதற்கப்புறம் தலைநகர் திம்பு வரை ஐந்து, ஆறு மணி நேரம் மலைப்பாதை. வாந்தி மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரை உள்ளே கொண்டுபோனால் நாளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு, பூட்டான் டாக்சியே மேல்.

ஐந்து இரவு என்றால் திம்பு 2, புனாக்கா 1, பாரோ 2. புனாக்காவை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திம்பு திரும்பலாம் என்பார்கள். அப்படிப் போனால் நாள் பூராவும் தோச்சு லா கணவாயில் ஏறி இறங்குவதிலேயே கழியும். ஆற்றங்கரை ஜோங்கை (கோட்டையும் மடமும் சேர்ந்த கட்டடம்) நின்று பார்க்க அந்த ஒரு இரவு தேவை. ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கைக் கருங்கழுத்துக் கொக்குகள் வந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் மட்டும் சேருங்கள். பாரோவைக் கடைசியில் வைப்பது செங்குத்துப் பாறையில் இருக்கும் தக்த்சாங் என்ற புத்த மடத்துக்காக. மடம் இருப்பது 3,120 மீட்டர் உயரத்தில். நடக்கத் தொடங்கும் அடிவாரத்திலிருந்து ஏற்றம் சுமார் 500 மீட்டர். நான்கு நாள் மலையில் பழகிய உடம்புக்கு அது சிரமம் குறைவு. காலை எட்டுக்குள் ஏறத் தொடங்குங்கள். டிக்கெட் அடிவாரத்தில்தான். குதிரை பாதி வழியிலுள்ள உணவகம் வரைதான் வரும், இறங்கக் கிடைக்காது. மடத்திலும் ஜோங்குகளிலும் முழுக்கை, முழுக்கால் உடை வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. ஏமா தாத்ஷி என்ற பாலாடைக்கட்டிக் குழம்பில் மிளகாய்தான் காய்கறி. பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தாத்ஷி கேளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மண்சரிந்து ஃபூன்ட்ஷோலிங் சாலை அடைபடும். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் நல்லவை. பாரோவில் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும், அதுவும் பகலில் மட்டும். மேகம் கவிந்தால் விமானம் ரத்தாகும். அதனால் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ அடுத்த விமானத்தை அன்றைக்கே போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள்.

பூட்டான் பணமான நியூல்ட்ரம் ஒன்று நம் ஒரு ரூபாய்க்குச் சமம். நம் 100 ரூபாய்த் தாளைத் தயங்காமல் வாங்குவார்கள், மீதியை நியூல்ட்ரமில் தருவார்கள். திரும்பும்போது ஜெய்காவ் தாண்டினால் நியூல்ட்ரம் செல்லாது, எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.