ஹம்பிய கடைசில வைங்க

நம்ம ஊர்ல இருந்து கர்நாடகா பழைய நகரங்கள் டூர்னு கிளம்புற பஸ் பெரும்பாலும் முதல்ல ஹம்பிக்குதான் போகும். ஹொசபேட்டை வழில முன்னாடியே வந்துடுது, பாதாமி அதுக்கும் வடக்க, விஜயபுரா (பழைய பீஜப்பூர்) இன்னும் மேல, அதனால கிட்ட இருக்கறத முதல்ல முடிச்சிடலாம்னு ஐடினரரி போடறவங்க நினைக்கறாங்க. நான் டூர் மேனேஜரா பல வருஷமா இந்த ரூட்ல க்ரூப் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு விதமாவும் போயிருக்கேன். ஹம்பிய முதல்ல பாத்துட்டு வந்த க்ரூப்பு பாதாமி குகைல ஏறுறப்பவே பாதி பேர் படில உக்காந்துடுவாங்க, "இதவிட பெருசெல்லாம் அங்கயே பாத்தாச்சே தம்பி"ம்பாங்க. அவங்க மேல தப்பு இல்ல. பிரம்மாண்டத்த முதல் நாளே கண்ணுல காட்டிட்டு அப்புறம் 800 வருஷம் பின்னால கூட்டிட்டு போய் நிறுத்தினா மனசு எப்படி ஒட்டும்?

அதனால இப்ப என்னோட க்ரூப்ல ஹொசபேட்டைல ராத்திரி தங்கினாலும் காலைல ஹம்பி பக்கம் வண்டிய திருப்பறதில்ல, நேரா வடக்க ஐஹொளெ. ஹம்பி 13 கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு பாத்துட்டு போலாமேன்னு பஸ்ல கட்டாயம் ஒருத்தர் கேப்பாரு, திரும்பி வர்றப்ப பாப்போம் சார், அப்ப வேற மாதிரி தெரியும்னு சொல்லிடுவேன்.

இந்த வேலைல நான் முக்கியமா கத்துகிட்டது கதைய எங்க சொல்றதுங்கறதுதான். சைட்டுக்குள்ள நின்னுகிட்டு வருஷம் வருஷமா ஒப்பிச்சா யார் காதுலயும் ஏறாது. வெயிலு, கல் தரை சூடு, செருப்ப எங்க விட்டோம்ங்கற கவலை, பின்னாடி ஸ்கூல் பசங்க சத்தம். இதுக்கு நடுவுல சாளுக்கிய வம்சாவளி சொன்னா யார் கேப்பாங்க. அதுவே பஸ்ல காலை டிபன் முடிஞ்ச முதல் ஒரு மணி நேரம் இருக்கு பாருங்க, அப்ப மைக் எடுத்தா அத்தனை பேரும் நம்மகிட்ட இருப்பாங்க (மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் யாரையும் தொந்தரவு பண்றதில்ல, ஏசி போட்டு தூங்க விட்டுடுவேன்). யாரு கட்டினா, எதுக்கு சண்டை, யாரு ஜெயிச்சா, எல்லாத்தையும் ரோட்லயே சொல்லி முடிச்சிட்டு, இறங்கினதும் பாக்க மட்டும் விடணும். சைட்ல விளக்கறது உள்ளூர் கைடு வேலை. லைசென்ஸ் வச்சிருக்கற அந்த மனுஷங்க பொறந்து வளர்ந்ததே அந்த கல்லுங்களுக்கு நடுவுலதான், எந்த நேரத்துல எந்த சிலை மேல வெளிச்சம் விழும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பேசறப்ப நடுவுல புகுந்து பேசறதில்லன்னு வச்சிருக்கேன், கன்னடம் கலந்த ஹிந்தில சொல்றத க்ரூப்புக்கு தமிழ்ல மாத்தி சொல்றதோட சரி.

ஐஹொளெல எல்லாரும் துர்கா கோயில் முன்னாடி போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. நான் முடிஞ்சவங்கள மட்டுமாவது மேகுடி குன்று மேல கூட்டிட்டு போயிடுவேன். மேல பாதி இடிஞ்ச ஒரு சமணக் கோயில், அது சுவத்துல ரவிகீர்த்தின்னு ஒரு புலவர் 634ல எழுதின கல்வெட்டு. சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி ஹர்ஷர தோற்கடிச்சது, பல்லவ ராஜாவ காஞ்சிபுரம் கோட்டை மதிலுக்குள்ள ஒளிஞ்சுக்க வச்சது எல்லாம் அதுல இருக்கு, கடைசில நானும் காளிதாசன் பாரவி மாதிரி புகழ் உள்ளவன்னு அவரு தன்னையும் சேத்து எழுதிக்கிட்டாரு. எழுத்து சின்னது, நெருக்கமா இருக்கும், கிட்ட போய் பாத்தா ஒவ்வொரு வரியும் கோடு போட்ட மாதிரி நேரா போகும். அந்த சுவத்து முன்னாடி நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இத செதுக்கி இன்னும் 8 வருஷத்துல இந்த ராஜாவோட தலைநகரம் விழப்போகுது. அதோட இறங்கி பாதாமிக்கு போயிடுவோம், ராத்திரி தங்கல் அங்க.

பாதாமின்னா வாதாபி. அத பஸ்ல சொன்னதுமே ஒரு சலசலப்பு வரும், ஏன்னா நம்மாளுங்களுக்கு வாதாபின்னா நரசிம்மவர்மன், பரஞ்சோதி, வெற்றி. 642ல பல்லவப் படை இந்த ஊரப் பிடிச்சுது, புலிகேசி அந்த போர்லதான் செத்திருக்கணும்னு சரித்திரக்காரங்க சொல்றாங்க, ஊருக்குள்ள ஒரு பாறைல நரசிம்மவர்மனோட 13வது ஆட்சியாண்டு கல்வெட்டு சிதைஞ்சுபோய் இன்னும் இருக்கு. காலைல குகைக்கு ஏறுறோம், முதல் குகைல 18 கையோட ஆடற நடராஜர், மூணாவதுல 578ம் வருஷ கல்வெட்டோட பெரிய விஷ்ணு குகை. சிவப்பு மணற்கல், மலையவே குடைஞ்சது. கீழ அகத்தியர் ஏரி பச்சையா தெரியும். அங்க நின்னுகிட்டு நம்ம ராஜா ஜெயிச்ச ஊருன்னு பெருமையா ஆரம்பிக்கறவங்க, இவ்வளவு அழகா ஒண்ண செஞ்சு வச்சவங்க ஊரா இதுன்னு அவங்களாவே கொஞ்சம் அடங்கிப் பேசறத நான் பல தடவை பாத்திருக்கேன். நான் எதுவும் சொல்றதில்ல. குரங்கு கைல இருக்கற பைய பிடுங்காம பாத்துக்கறதே அங்க பெரிய வேலை.

மதியத்துக்கு மேல பட்டடக்கல், 22 கிலோமீட்டர்தான். இந்த டூர்ல எனக்கு ரொம்ப முக்கியமான இடம்னா இதுதான், ஹம்பி கூட இதுக்கு அப்புறம்தான். மலப்பிரபா ஆத்தங்கரைல வடநாட்டு பாணி விமானமும் நம்ம பக்கத்து விமானமும் ஒரே புல்வெளில பக்கத்துல பக்கத்துல நிக்கும். அதுல பெரிசு விருபாக்ஷர் கோயில். அதே சாளுக்கிய வம்சத்துல பின்னால வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிபுரத்த ஜெயிச்சதுக்காக அவன் ராணி லோகமகாதேவி 740 வாக்குல கட்டினது, கட்டினவங்கள்ல ஒருத்தர் தென்திசை சிற்பி சர்வசித்தி ஆச்சாரின்னு வாசல்லயே கல்வெட்டு சொல்லுது. காஞ்சி கைலாசநாதர் கோயில மனசுல வச்சு கட்டினதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுடும்.

ஒரு தடவை ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க, பொறந்து வளர்ந்தது வேலை பாத்தது எல்லாமே காஞ்சிபுரம், பிரகாரத்துல என்ன நிறுத்தி கேட்டாங்க, "அப்ப நாம இங்க செஞ்சதுக்கு அவன் அங்க வந்து பழி தீத்திருப்பானே தம்பி, காஞ்சிபுரத்த என்ன பண்ணான்?" கொள்ளை அடிக்கலைம்மா, உங்க ஊர் கைலாசநாதர் கோயில் சொத்த பாத்துட்டு அத சாமிக்கே திருப்பி கொடுத்துட்டேன்னு அங்கயே ஒரு தூண்ல கன்னடத்துல எழுதி வச்சிட்டு போனான், அந்த கல்வெட்டு இன்னும் இருக்குன்னு சொன்னேன். அந்தம்மா முகம் மாறிப்போச்சு. "எத்தனை தடவை பசங்கள அந்த கோயிலுக்கு கூட்டிட்டு போயிருக்கேன், அந்த தூணு பக்கம் பாத்ததே இல்லையே"ன்னாங்க. ஊருக்கு போன வாரத்துலயே தூணோட போட்டோ வாட்ஸப்புல வந்துச்சு, அடையாளம் சரியான்னு பாக்க நாலு பக்கத்துல இருந்தும் எடுத்து அனுப்பியிருந்தாங்க. இந்த வேலைய நான் விடாம பண்றதுக்கு காரணம் கேட்டா இந்த மாதிரி ஒரு மெசேஜத்தான் காட்டுவேன்.

அங்கிருந்து விஜயபுரா. 1565 போர்ல ஜெயிச்சவங்க ஊரான இத பாத்துட்டுத்தான், தோத்த விஜயநகரத்தோட தலைநகரமான ஹம்பிக்கு போகணும்ங்கறது என் பிடிவாதம். கோல் கும்பஸ் திறந்ததும் முதல் ஆளா உள்ள போயிடணும், லேட்டானா மேல இருக்கற எதிரொலி மாடத்துல கத்தற சத்தம்தான் கேக்கும், தனியா போனா சுவத்துல மெல்ல சொன்னது எதிர்ப்பக்கம் தெளிவா கேக்கும். படி செங்குத்து, முட்டி வலி உள்ளவங்கள ஏற விடமாட்டேன், கீழ நின்னு அண்ணாந்து பாத்தாலே போதும், நடுவுல ஒரு தூண் இல்லாம அவ்வளவு பெரிய கூரை. உள்ள அடங்கியிருக்கறது 1656ல செத்துப்போன பீஜப்பூர் சுல்தான் முகமது ஆதில் ஷா. அதுக்கு 30 வருஷம் கழிச்சு 1686ல ஔரங்கசீப் வந்து இந்த ராஜ்யத்தையே முடிச்சிட்டார்.

1565 கதைய நான் சொல்றது விஜயபுராலருந்து தெற்க திரும்பி வர்றப்ப, கிருஷ்ணா பாலம் வர்ற சமயத்துல. தலைக்கோட்டை போர்னு படிச்சோம் இல்லையா, அது நடந்தது இந்த ஆத்தங்கரை பக்கம்தான். ரோட்டோட போறதுல இருக்கற லாபமே இதுதான், பிளேன்ல வந்து இறங்கறவங்களுக்கு இந்த ஆறு கிடைக்காது. இந்து ராஜ்யத்த முஸ்லிம் ராஜ்யம் அழிச்சுதுன்னு ஒரே வரில முடிக்கறத நான் ஒத்துக்கறதில்ல, பஸ்ல கோபமா கேள்வி வந்தாலும் பொறுமையா முழுசா சொல்லுவேன். விஜயநகரத்த நடத்தின ராமராயர் பல வருஷமா ஒரு சுல்தானோட சேந்து இன்னொரு சுல்தான அடிச்சவரு, பீஜப்பூரோட கூட்டு சேந்து அகமதுநகர் மேலயே படை எடுத்தவரு, கோல்கொண்டா இப்ராகிம் குதுப் ஷா பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா விஜயநகரத்துல அடைக்கலமா இருந்தவரு. கடைசில அவங்க எல்லாம் ஒண்ணு சேந்தாங்க, 80 வயசு தாண்டின ராமராயர் போர்க்களத்துலயே போயிட்டார், தம்பி திருமலை கஜானாவ யானைல ஏத்திட்டு பெனுகொண்டாவுக்கு போயிட்டார், காவலுக்கு ஆளில்லாம நின்ன ஊரு மாசக்கணக்கா சூறை போச்சு.

இத கேட்டுட்டு ஹம்பில இறங்கறவங்க கண்ணு வேற மாதிரி இருக்கும். கல் ரதத்துக்கு எப்படியும் கூட்டம் போயிடும், 50 ரூபா நோட்டுல இருக்கறதால அதுக்கு அறிமுகமே வேண்டாம், பேட்டரி வண்டிக்கு வரிசைல நிக்க பொறுமைதான் வேணும். இசைத் தூண தட்டிப் பாக்கலாமான்னு கேப்பாங்க, தட்டக்கூடாது, தட்டித் தட்டியே பாதி கெட்டுப்போச்சு, அதுல நான் கண்டிப்பா இருப்பேன். நான் ரொம்ப நேரம் நிறுத்தறது அரண்மனை வளாகத்துல. அரண்மனைன்னு சொல்லிட்டு வெறும் மேடையையும் அடித்தளத்தையும் காட்டறீங்களேம்பாங்க. மேல இருந்தது மரம், அது எரிஞ்சுபோச்சு, கல்லு மட்டும் மிச்சம். 1520 வாக்குல வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் இந்த ஊரு ரோம் அளவுக்கு பெருசுன்னு எழுதிட்டு போனது இந்த காலி இடத்தத்தான். பக்கத்துலயே படிக்கட்டு குளம், 1980கள்ல மண்ணுக்கு அடில இருந்து தோண்டி எடுத்தது, கறுப்பு நிறக் கல் படிங்க கணக்கா அடுக்கினது. குனிஞ்சு ஒரு கல்லுல பாருங்க, சின்னதா குறி வெட்டியிருக்கும், இது எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல்லுன்னு. வேற எங்கயோ செதுக்கி கொண்டு வந்து இங்க கோத்திருக்காங்க. ரிட்டயர்டு இன்ஜினியர் யாராவது க்ரூப்ல இருந்தா அவங்கள அங்கிருந்து கிளப்பறது கஷ்டம், ஒவ்வொரு கல்லா படிச்சுட்டே போவாங்க, நான் அவசரப்படுத்தறதில்ல.

அந்த நேரம் கிடைக்கணும்னா ஹம்பிக்கு ஒரு பகல் பத்தாது. ஒரே நாள்ல முடிச்சா மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல வயசானவங்கள நடத்த வேண்டி வரும், அது சரியில்லன்னு ஆபீஸ்ல எப்பவும் சொல்லிட்டு இருக்கேன். காலைல ஒரு பாதி, நாலு மணிக்கு மேல ஒரு பாதி, நடுவுல ரூம்ல ரெஸ்ட்டு. இந்த கல்லுங்களும் சாஸ்வதமில்ல, 2024 மே மாசம் மழைல விருபாக்ஷர் கோயில் முன்னாடி இருக்கற பழைய தூண் மண்டபத்துல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு, அதுக்கப்புறம் போன க்ரூப்ல எல்லாருக்கும் அந்த இடத்த காட்டினேன், பாத்தே ஆகணும்.

இப்ப ஆபீஸ்ல நான் கேட்டுட்டு இருக்கறது ஒரு மணி நேரம். சென்னைல இருந்து கிளம்பற பஸ் எப்படியும் பெங்களூர் ஹைவேலதான் போகுது, காஞ்சிபுரம் வழில கொஞ்சம் ஒதுங்கினா கைலாசநாதர் கோயில். விக்கிரமாதித்தன் கல்வெட்டு இருக்கற தூணத்தான் முதல்ல காட்டணும், பட்டடக்கல் அப்புறம் வரட்டும். டீசல் கணக்கு, டிரைவர் டூட்டி நேரம் எல்லாம் எழுதி கொடுத்திருக்கேன், அடுத்த சீசன் ஐடினரரில சேக்கறோம்னு சொல்லியிருக்காங்க.