‘கறுப்பினக் கல்லூரிகளின் பங்கு’: அமெரிக்க வரலாற்றுத் தாளில் எழுதும் முறை

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாறு எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதாகத்தான் தெரியும். செய்னி 1837, லிங்கன் 1854, ஹோவர்ட் 1867, டஸ்கேகி 1881 என்று கல்லூரிகள் தொடங்கிய ஆண்டுகள் கையில் இருக்கும். வரிசையாக எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். கேட்டது ‘பங்கு’, எழுதியதோ ‘தோற்றம்’. மதிப்பெண் பாதியில் நிற்பது இதனால்தான்.

தோற்றத்துக்கு முக்கால் பக்கம் போதும். முதலில் கறுப்பினக் கல்லூரி என்பதன் வரையறை: 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டப்படி, 1964க்கு முன் தொடங்கப்பட்டு, கறுப்பினத்தவர் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்ட, அங்கீகாரம் பெற்ற நிறுவனம். கறுப்பின மாணவர்கள் நிறைந்த கல்லூரி எல்லாம் இதில் சேராது. இங்கே மற்ற இனத்தவரும் படிக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது மோரில் சட்டம். இங்கேதான் பலரும் சறுக்குவது. 1862 சட்டம் கல்லூரி தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. 1890 சட்டம் நிபந்தனை போட்டது: இனம் பாராமல் மாணவர்களைச் சேர், இல்லையேல் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி காட்டு, இரண்டும் இல்லையென்றால் பணம் இல்லை. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தன. விடையின் முடிச்சே இதுதான். இனப் பிரிவினையைக் காக்க அரசே கட்டிய கல்லூரிகள், அதை உடைத்தவர்களை உருவாக்கின.

இதற்குச் சான்று வேண்டும். வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரி 1890 சட்டத்தின் விளைவாக 1891இல் பிறந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ வூல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்த நால்வரும் அந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள்.

இன்னும் வலுவான சான்று ஹோவர்ட் சட்டப் பள்ளி. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அங்கே வழக்கறிஞர்களைப் பயிற்றுவித்தார். வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்ற, ‘பிரிந்திருந்தாலும் சமம்’ எனப்படும் 1896 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அவர் நேரே மோதவில்லை. சமமாகத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சட்டக் கல்லூரி நடத்தட்டும், செலவு தாங்காது என்பது கணக்கு. 1933இல் அங்கே பட்டம் பெற்ற தர்குட் மார்ஷல் கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்த மேரிலாந்து சட்டக் கல்லூரிக்கு எதிரான வழக்கில் 1936இல் வென்றார். டெக்சஸ் அவசரமாக ஒரு தனிச் சட்டப் பள்ளியையே திறந்து பார்த்தது. அது சமமல்ல என்றது 1950 ஸ்வெட் தீர்ப்பு. பிறகுதான் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக எழுதினால் வாதமே விழுந்துவிடும்.

கறுப்பினத்தவருக்குத் தொழிற்கல்வியா உயர்கல்வியா என்ற புக்கர் டி. வாஷிங்டன், டு பாய்ஸ் விவாதத்துக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முன்னவர் ஹாம்ப்டனில் படித்தவர், பின்னவர் ஃபிஸ்க்கில் என்று சொன்னாலே தொழிற்கல்வி, உயர்கல்வி என்ற இரு தரப்பும் இக்கல்லூரிகளிலேயே விளைந்தவை என்பது புரியும். கமலா ஹாரிஸ் ஹோவர்ட் மாணவி என்பதை எழுதலாம். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரம் வரை போக வேண்டாம்!

1954உடன் விடையை முடிப்பது அடுத்த தவறு. நிதிப் பாகுபாடு அதன் பிறகும் நீண்டது. 2006இல் தொடுத்த வழக்கில், 2021இல்தான் மேரிலாந்து மாநிலம் தன் கறுப்பினக் கல்லூரிகளுக்கு 57.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 1890 சட்டத்தின் கீழ் வரும் கறுப்பினக் கல்லூரிகளுக்கு முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023இல் 16 மாநில ஆளுநர்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. கடைசி பத்து நிமிடத்தை இந்தப் பகுதிக்கென்று ஒதுக்கி வையுங்கள்.